கண்டியிலிருந்து பண்டாரவளைக்கு ஒரு பழைய தீயணைப்பு வண்டி

முதல் நாள்: கண்டி

இன்று சக்கரம் உருளவில்லை. நாள் முழுதும் வண்டிக்கு அடியில்தான் வேலை. மலையேறப் போகிற பழைய வண்டியை இன்றைக்கே பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இறம்பொடை வளைவில் பஸ்களை மறித்து நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டிவரும்.

வண்டி பெட்ஃபோர்ட் எஸ் வகை. 1950இல் வந்த சட்டகம். 4.9 லீற்றர் ஆறு சிலிண்டர் பெற்றோல் என்ஜின், 110 குதிரைவலு. மேலே 400 கலன் தண்ணீர்த் தாங்கி, பின்னால் மையநீக்கப் பம்பு, கூரையில் மர ஏணி. பக்கப் பெட்டியில் கொவென்ட்ரி கிளைமக்ஸ் தூக்குப் பம்பு ஒன்றும் வருகிறது. ஏ5 வீதியால் பேராதனை, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை கடந்து நுவரெலியா. அங்கே தண்ணீர் அடித்துக் காட்டுகிறோம். பிறகு வெலிமடை வழியாகப் பண்டாரவளை.

கண்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர். நுவரெலியா 1868. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். காபரேட்டர், ரேடியேட்டர், பிரேக் மிதிப்புக்கு உதவும் சேர்வோ, பம்பின் உறிஞ்சல், இந்த நான்கும் அந்தக் காற்றை நம்பித்தான் வேலை செய்கின்றன. கொழும்பில் நன்றாக ஓடிய வண்டி மேலே போய் மக்கர் பண்ணினால் பாதி நேரம் காரணம் இதுதான். பழுதென்று நினைத்துக் கழற்றிப் போட்டவர்கள் நல்ல சாமான்களைக் கெடுத்ததுதான் மிச்சம்.

தாங்கியை முழுதாக வடித்துவிட்டோம். 400 கலன் என்றால் 1800 லீற்றர், அதாவது 1.8 தொன். அதைச் சுமந்துகொண்டு ஏறுவதில் ஒரு பயனும் இல்லை. மலையில் தண்ணீருக்கா பஞ்சம்? ஒன்று நிறைய இருக்க வேண்டும், அல்லது காலியாக இருக்க வேண்டும். பாதித் தண்ணீரோடு மட்டும் ஓட்டவே கூடாது. வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் சாயும்போது வண்டியும் அந்தப் பக்கமே சாயும். உள்ளே தடுப்புத் தகடுகள் இருக்கின்றனதான், ஆனால் எழுபது வருடத் துருவில் அவற்றின் ஓரங்கள் உதிர்ந்திருக்கும். மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். தகட்டைச் சுத்தியலால் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'தப்' என்று கேட்டால் அது துரு மட்டுமே.

பிரேக் எண்ணெயை முழுதாக மாற்றினோம். கிளைகோல் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டொட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 பாகையில் கொதிக்கும். ஈரம் ஏறியபின் 140 பாகையிலேயே கொதித்துவிடும். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் தரைக்குப் போகும். மலைநாட்டில் இரண்டு வருடத்துக்கு மேல் ஒரே எண்ணெயை வைத்திருக்காதீர்கள். பழைய றபர் சீல்களுக்கு மினரல் எண்ணெய் ஒரு துளியும் படக்கூடாது, ஊதிப் பெருத்துவிடும். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யவும் வேண்டாம். அந்தக் காலத்து லைனிங்கில் அஸ்பெஸ்டோஸ் இருக்கிறது. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

டயரில் பூவைப் பார்ப்பதை விட வயதைப் பாருங்கள். பக்கச் சுவரில் கடைசி நான்கு இலக்கம் வாரமும் வருடமும். காட்சிக்கு மட்டும் ஓடுகிற வண்டியில் பூ தேய்வதேயில்லை, றபர்தான் வெடிக்கிறது. 20 அங்குல லொறி டயர் இன்னும் கிடைக்கிற சாமான்தான். ஆனால் பூட்டு வளையம் உள்ள ரிம்முக்குக் காற்றடிக்கும்போது கட்டாயம் இரும்புக் கூண்டுக்குள் வையுங்கள். வளையம் சரியாக உட்காராமல் தெறித்தால் ஆள் மிஞ்சாது.

பற்றரி மாட்டுமுன் ஒன்று: அக்காலப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் பொசிற்றிவ் முனைதான் சட்டகத்துக்குப் போகும். பழக்க தோஷத்தில் மாற்றி மாட்டினால் டைனமோவும் ரெகுலேட்டரும் போய்விடும். வயரின் நிறத்தை நம்பாமல் வண்டியின் ஏர்த் பட்டி எந்த முனைக்குப் போகிறது என்று பார்த்து மாட்டுங்கள்.

இவற்றோடு வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ் மூன்றும் முன் கண்ணாடிப் பக்கம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கூரை விளக்குக்குத் துணி உறை போட்டு, மணியின் நாக்கைக் கட்டிவிட்டோம். வீதியில் இது சாதாரண லொறி. மற்றவர்கள் ஒதுங்கி வழிவிடுகிற மாதிரி ஓட்டக்கூடாது.

இரண்டாம் நாள்: பேராதனை, கம்பளை

கண்டியிலிருந்து கம்பளை இருபது கிலோமீற்றர் அளவுதான், உயரமும் பெரிதாக மாறாது. ஆகையால் பம்பைச் சோதிக்க இதுதான் இடம். இங்கே எடுத்த அளவுகளைக் குறித்து வைத்தால்தான் மேலே போய் ஒப்பிடலாம்.

முதலில் உலர் வெற்றிடச் சோதனை. பம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடித்து, வெளியேறும் வாய்கள் அத்தனையையும் மூடி, உறிஞ்சு வாயையும் அடைத்து, பம்பிலிருந்து காற்றை வெளியேற்றும் பிரைமரை இயக்க வேண்டும். கடல்மட்டத்தில் மானி 24 அங்குலப் பாதரசத்தைத் தொட வேண்டும் என்பது பழைய தீயணைப்புக்காரர் கணக்கு. கம்பளையில் அது 22, 23 வந்தால் போதும். வந்தபின் பிரைமரை நிறுத்தி ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். ஊசி 10 அங்குலத்துக்கு மேல் விழுந்தால் எங்கோ காற்று நுழைகிறது.

எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிக்கச் சவர்க்கார நுரையைப் பூசுவார்கள். நுரை உள்ளே இழுபடும். அதைவிட நல்ல வழி ஊதுபத்தி. என்ஜினை நிறுத்தி, பெற்றோல் வாடை இல்லாத பக்கமாகப் பம்பின் இணைப்புகளுக்கு அருகே பத்தியை மெதுவாகக் கொண்டுபோனால் புகை நேராக மேலே போகும். ஒழுக்குள்ள இடத்தில் மட்டும் புகை வளைந்து நூலாக இழுபட்டு வெடிப்புக்குள் போவது கண்ணுக்குத் தெரியும். இந்த வண்டியில் வடிகால் திருகின் இருக்கையில் அப்படி இழுத்தது. மணல் ஒன்று சிக்கியிருந்தது. திருகைக் கழற்றி, வால்வ் அரைக்கும் பசையைத் தொட்டு இரண்டு நிமிடம் உருட்டியதும் ஒழுக்கு நின்றது. பெற்றோல் தாங்கி, காபரேட்டர் பக்கம் பத்தியைக் கொண்டுபோகவே கூடாது, அங்கே நுரைதான்.

பம்பு அச்சைச் சுற்றிக் கயிற்றுப் பொதி அடைத்திருக்கும் கிளான்ட் சொட்டுகிறது என்று கவலைப்படாதீர்கள். அது சொட்டத்தான் வேண்டும். அந்தச் சொட்டுத்தான் அச்சைக் குளிர்விக்கிறது. சொட்டே இல்லாமல் இறுக்கினால் பொதி எரிந்து அச்சில் கோடு விழும். கோடு விழுந்த அச்சை எத்தனை பொதி போட்டாலும் அடைக்க முடியாது. பம்பு ஓடும்போது நட்டைக் கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்கி, தண்ணீர் ஓட்டமாக வருவது சொட்டாக மாறியதும் விட்டுவிடுங்கள். பழைய பொதியில் அஸ்பெஸ்டோஸ் கயிறு இருக்கும். நனைத்துத்தான் பிடுங்க வேண்டும். பதிலுக்குக் கிரபைட் கயிறு. ஒவ்வொரு வளையத்தின் வெட்டுவாயும் முந்தினதுக்கு எதிர்ப்பக்கம் வரட்டும்.

பிறகு மகாவலி. கரைக்கு வண்டி கொண்டுபோக ஊராரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், மழைக்காலமாக இருந்தால் கொத்மலை வான்கதவு பற்றியும் விசாரியுங்கள். கதவு திறந்தால் ஆறு சட்டென்று ஏறும்.

உறிஞ்சு குழாய் ஐந்தரை அங்குலம். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு வாஷர். பழைய தோல் வாஷர் காய்ந்து பலகைபோல் இருந்தால் ஓர் இரவு எண்ணெயில் ஊறவைத்தால் திரும்ப மெத்தென்று வரும். வெடித்திருந்தால் றபரில் வெட்டிப் போடுங்கள். குழாயின் நுனியில் குப்பையைத் தடுக்கும் வடிகூடை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே குறைந்தது 45 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். அதைவிட மேலே வந்தால் சுழி விழுந்து காற்றை இழுக்கும். அடியில் மணலில் படவும் கூடாது. வெளிக்கூடை பிரம்பால் பின்னியது. கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை வண்டியில் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று மீற்றர் உயரத்துக்கு அரை நிமிடத்தில் தண்ணீர் ஏறியது. முக்கால் நிமிடம் தாண்டியும் ஏறாவிட்டால் பிரைமரை நிறுத்துங்கள். வழக்கமான காரணம் மிகச் சின்னது: நீர்வளையப் பிரைமருக்கென்று தனியாக ஒரு சின்னத் தாங்கி இருக்கும், அதில் தண்ணீர் இருக்காது. புகைக் குழாயால் உறிஞ்சுகிற வகையாக இருந்தால் கரி அடைத்திருக்கும்.

மூன்றாம் நாள்: கம்பளையிலிருந்து நுவரெலியா

காலை ஐந்தரைக்குப் புறப்பாடு. குளிரும் இருக்கும், பஸ்ஸும் குறைவு. முன் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டுத்தான் வண்டி எடுத்தது. மலைநாட்டு லொறிக்காரர் வழக்கம், அதை விடுவதாக இல்லை.

பெற்றோலுக்கு லீற்றருக்கு 2 கிலோமீற்றர் என்று கணக்கு வையுங்கள். கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீற்றர். 40 லீற்றர் ஏற்றத்துக்கே போய்விடும், பம்பு ஓட்டுவதற்குத் தனியாக வேண்டும். கம்பளையில் நிரப்புவது நல்லது. 92 ஒக்டேன் தாராளம், இந்த என்ஜினின் அமுக்கம் குறைவு.

புசல்லாவை வரை வண்டி மூன்றாம் கியரில் முனகாமல் வந்தது. கடைத்தெருவில் நிறுத்தியதும் ஆட்கள் கூடிவிட்டார்கள். தோட்டத்துப் பெரியவர் ஒருவர் பித்தளை வாயைத் தடவிப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, இது தண்ணி அடிக்குமா, இல்ல சும்மா காட்டுறதுக்கா?"

"அடிக்குதுங்க ஐயா. நாளான்னைக்கு நுவரெலியாவுல வந்து பாருங்க."

எங்கே கொண்டுபோனாலும் மக்கள் கேட்கிற முதற்கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், வேலை செய்தவர்களுக்கு நெருப்பென்றால் என்னவென்று தெரியும். வாட்டும் மாடி முழுக்க மரம், கீழே விறகு அடுப்பு, உத்தரத்திலெல்லாம் தேயிலைத் தூசி. அந்தத் தூசியில் நெருப்புப் பிடித்தால் உத்தரம் உத்தரமாக ஓடும்.

புசல்லாவைக்கு அப்பால் மெதுமெதுவாக என்ஜின் மாறத் தொடங்கும். காற்று மெலிகிறது, காபரேட்டரோ பழைய அளவிலேயே பெற்றோலை விடுகிறது. கலவை செழித்துப்போய், ஐட்லிங்கில் குலுங்கும், புகை கறுக்கும். இறம்பொடையில் ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம்: முனை முழுக்க வெல்வெட் மாதிரிக் கரி. ஐட்லிங் கலவைத் திருகைக் கால் சுற்று மெலிவாக்கியதும் குலுக்கல் நின்றது. நுவரெலியாவில் இரண்டு மூன்று நாள் நிற்பதானால் காபரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் மெயின் ஜெட்டையே ஓர் அளவு சின்னதாக மாற்றலாம். மாற்றினால் பழைய ஜெட்டைத் துணியில் சுற்றி, ஸ்டீயரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். இறங்கும்போது அதைத் திருப்பிப் போட மறந்தால் கீழே கலவை மெலிந்து வால்வ் எரியும்.

கலவையைச் சரிசெய்தாலும் பலம் திரும்பாது. நுவரெலியா உயரத்தில் என்ஜின் தன் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். 110 குதிரை அங்கே 90 தான். ஆகவே கியரை முன்கூட்டியே மாற்ற வேண்டும். அக்காலக் கியர்பாக்ஸ்களில் முதல் கியருக்குப் பெரும்பாலும் சிங்க்ரோ, அதாவது பற்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு, இருக்காது. வண்டி திணறி நிற்கும்வரை இரண்டாவதில் இழுத்துவிட்டுப் பிறகு முதலாவதைத் தேடினால் பல் கடிக்கும், அதற்குள் வண்டி பின்னால் உருளத் தொடங்கிவிடும். வளைவுக்கு முன்பே, ஓட்டம் இருக்கும்போதே, இரட்டைக் கிளச் மிதித்துப் போட்டுவிடுங்கள்.

ஆஞ்சநேயர் கோயில் தாண்டிய ஏற்றத்தில் என்ஜின் இருமியது. பெற்றோல் குழாயில் ஆவி. மெக்கானிக்கல் பெற்றோல் பம்பு எக்சோஸ்ட் பக்கம் இருந்தால் இது வரும். உயரத்தில் பெற்றோல் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். ஓரமாக நிறுத்தி, இரண்டு பக்கமும் கட்டை வைத்து, பொனட்டைத் திறந்து, பம்பின் மேல் ஈரத் துணி சுற்றினால் பத்து நிமிடத்தில் சரியாகும். நிரந்தர மருந்து, பம்புக்கும் எக்சோஸ்டுக்கும் இடையில் ஓர் அலுமினியத் தகடு. தகடு பம்பைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

இறம்பொடைச் சுரங்கம் 225 மீற்றர். ஏணியோடு சேர்த்த வண்டியின் உயரத்தை அளந்து டாஷ்போர்டில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். இங்கே மட்டுமல்ல, தொங்குகிற வயர்களுக்கும் பஜார்ப் பந்தல்களுக்கும் அது தேவை. டைனமோ வண்டியில் ஐட்லிங்கில் விளக்கு மங்கும் என்பதால் சுரங்கத்துக்குள் ஒரு கியர் குறைத்து என்ஜினைச் சற்று வேகமாக ஓடவிடுங்கள்.

லபுக்கலை தாண்டினால் ரேடியேட்டரைக் கவனிக்க வேண்டும். மூடி அழுத்தம் பிடிக்காத பழைய ரேடியேட்டரில், நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். கடல்மட்டத்தில் 95 பாகை காட்டினால் பயமில்லை. இங்கே அதே 95 என்றால் மூடியால் நீராவி வருகிறது என்று அர்த்தம். மானியில் 85 தாண்டியதும் நிறுத்துவது எங்கள் வழக்கம். அழுத்த மூடி போட்டால் தீருமே என்று சிலர் சொல்வார்கள். திறந்த வகையாகச் செய்த ரேடியேட்டரின் ஈயப் பற்றவைப்பு அந்த அழுத்தத்தைத் தாங்காது, மேல்தொட்டி பிளந்துவிடும். வெளியே குளிர், உள்ளே கொதிப்பு என்று யாருக்கும் சந்தேகம் வராத இடத்தில்தான் என்ஜின் போகிறது.

பத்தரைக்கு நுவரெலியா. சக்கரத்துக்குக் கட்டை வைத்தோம், என்ஜினை ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு நிறுத்தினோம்.

நான்காம் நாள்: நுவரெலியா, ஏரிக்கரை

காலையில் கம்பளைச் சோதனையைத் திரும்பச் செய்தோம். அதே பம்பு, அதே மூடிகள், அதே பிரைமர். மானி 19 அங்குலத்தில் நின்றுவிட்டது. மேலே போகவேயில்லை.

இதைப் பார்த்துத்தான் பலர் பிரைமரைக் கழற்றுகிறார்கள். கழற்றாதீர்கள். கடல்மட்டத்தில் காற்று 30 அங்குலப் பாதரசம். அதில் 24 எடுத்தால் ஐந்தில் நான்கு பங்கு. நுவரெலியாவில் மொத்தக் காற்றே 24 அங்குலம்தான். அதில் ஐந்தில் நான்கு 19. பம்பு கம்பளையில் எவ்வளவு நல்லதோ இங்கும் அவ்வளவு நல்லது. ஒரு நிமிடம் விட்டுப் பார்த்தோம், ஊசி 17க்குக் கீழே இறங்கவில்லை.

ஆனால் தண்ணீர் அதை ஒத்துக்கொள்ளாது. பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. பம்புக்குள் வெற்றிடம் உண்டாகும்போது வெளிக்காற்றுத்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. கடல்மட்டத்தில் அந்தக் காற்று 10.3 மீற்றர் உயரத்துக்குத் தள்ளும், நடைமுறையில் ஏழரை மீற்றர் வரும். நுவரெலியாவில் ஏட்டுக் கணக்கே எட்டேகால் மீற்றர்தான். நடைமுறையில் ஐந்தரை கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். காட்சிக்கு மூன்று மீற்றருக்கு மேல் போகாத இடத்தைத் தெரிவு செய்யுங்கள்.

ஆளுநர் கிரகரியின் காலத்தில், 1873இல் உண்டாக்கிய ஏரி இது. மாநகரசபையில் அனுமதி வாங்கியபின்தான் குழாயை இறக்கலாம். கரை மட்டம் நல்லது, ஒன்றரை மீற்றர்கூட இல்லை. அடியில் சேறும் பாசியும் இருப்பதால் வடிகூடையை ஒரு காலியான பிளாஸ்டிக் கேனில் கட்டி மிதக்கவிட்டோம். கூடை மட்டும் அரை மீற்றர் கீழே தொங்கும்.

தூக்குப் பம்பையும் இங்கேதான் ஓட்டிக் காட்டினோம். 1020 சிசி, அலுமினிய என்ஜின், மேலே கேம் அச்சு. நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதற்காக எடை குறைத்துச் செய்தது. அதன் எடையையும் பலத்தையும் பார்த்த பந்தயக்காரர்கள் கேட்டதால், 1950களில் அதையே சற்றுப் பெரிதாக்கி லோட்டஸ், கூப்பர் கார்களுக்குப் போட்டார்கள். சித்திரை வசந்தகாலத்தில் மலையேற்றக் கார்ப் பந்தயம் நடக்கிற ஊரில் இதைச் சொன்னால் இளைஞர்கள் பம்பைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். இது தண்ணீரில்லாமல் ஓடினால் முத்திரை வளையம் ஒரு நிமிடத்தில் போய்விடும். காட்சியில் 'சும்மா ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க' என்று கேட்பவர்களுக்கு இணங்காதீர்கள்.

இரவு பம்பின் வடிகால்கள் அத்தனையையும் திறந்துவிட்டுத் தூங்கப் போகிறோம். தை, மாசியில் இங்கே புல்லில் உறைபனி விழும். பம்பின் உடல் வார்ப்பிரும்பு. உள்ளே தண்ணீர் உறைந்தால் அது பிளக்கும்.

ஐந்தாம் நாள்: நுவரெலியா, காட்சி

காட்சிக்குத் தண்ணீர் அடிப்பதில் கணக்கு முக்கியம். 12.5 மில்லிமீற்றர் வாய், 3 பார் அழுத்தம் என்றால் நிமிடத்துக்கு 180 லீற்றர். 1800 லீற்றர்த் தாங்கி பத்து நிமிடம் தாங்கும். பின்னுதை ஏழெட்டுக் கிலோதான், ஒருவர் பிடிக்கலாம். அதையே 20 மில்லிமீற்றர் வாயில் 7 பாருக்கு ஏற்றினால் நிமிடத்துக்கு 700 லீற்றர். இரண்டரை நிமிடத்தில் தாங்கி காலி, பின்னுதை 45 கிலோ. பழக்கமில்லாத ஒருவர் கையில் அது இருந்தால் வாய் கைநழுவிப் பித்தளை ஆட்களின் முகத்தில் அடிக்கும். எந்நேரமும் ஒருவர் பம்பின் மானியருகே நிற்க வேண்டும். வாயை மூடி வைத்தபடி பம்பு ஓடினால் உள்ளே தண்ணீர் சூடாகிக்கொண்டே போகும், ஆகவே ஏதாவது ஒரு வாயை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள்.

பழைய சணல் குழாய்களில் அழுத்தம் ஏற்றவில்லை. சணல் முதலில் கசியும், நூல் ஊறிப் பருத்ததும் தானே அடைத்துக்கொள்ளும். நல்ல நிலையில் இருந்தால் அது அழகான காட்சிதான். ஆனால் மடிப்பில் பூஞ்சை பிடித்த குழாய் எந்த இடத்தில் கிழியும் என்று சொல்ல முடியாது. அதைச் சுருட்டிக் காட்சிக்கு வைத்து, தண்ணீருக்கு அதே இரண்டரை அங்குல இணைப்புப் போட்ட புதுக் குழாயைப் பாவியுங்கள். ஏணியும் அப்படித்தான்: பெயின்ட் அடிக்காமல் வார்னிஷ் மட்டும். பெயின்ட் வெடிப்பை மறைக்கும். வார்னிஷுக்குள் வெடிப்புத் தெரியும்.

பித்தளைக்குப் புளியும் சாம்பலும் போட்டு மினுக்குவது வீட்டுப் பழக்கம், குத்துவிளக்குக்கு நல்லதுதான். மணிக்குப் போட்டால் உடனே கழுவிவிடுங்கள். புளியின் அமிலம் நின்றால் பித்தளையிலிருக்கும் நாகத்தைத் தின்று, மேற்பரப்பு செம்பு நிறமாகச் சிவக்கும். அப்பச்சோடாத் தண்ணீரில் ஒரு தரம், நல்ல தண்ணீரில் ஒரு தரம், பிறகு உலர்துணி.

பெயின்ட் விஷயத்தில் இந்த ஊரை நம்பக்கூடாது. நேற்று ஒரு கல் தெறித்த இடத்தில் செலுலோஸ் சிவப்பைத் தொட்டு வைத்தார்கள்; பத்து நிமிடத்தில் அது பால்போல் வெளுத்தது. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, மூடுபனியின் ஈரம் அதில் படிகிறது. மெதுவாக உலரும் தின்னரைத் தெளித்தால் சில சமயம் தெளியும். நல்லது என்னவென்றால் இங்கே அடிக்காமலிருப்பது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நுவரெலியாவை நனைக்கும்போது மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவில் வறண்ட காலம். முழு வண்டிக்குச் சாயம் போடுகிறவர்கள் ஜூலை, ஓகஸ்டில் பண்டாரவளைப் பக்கம் கொண்டுபோங்கள். நிறத்துக்குப் பிஎஸ் 381சி என்ற பிரித்தானிய நிற அட்டையில் 537, 538 இரண்டையும் வாங்கி, மணியின் தாங்கியைக் கழற்றினால் அடியில் வெயில் படாத பழைய பெயின்ட் இருக்கும், அதோடு வைத்துப் பாருங்கள். கதவில் பார்த்தால் வெயிலில் வெளிறிய நிறம்தான் கிடைக்கும்.

கதவில் பழைய பொன்னெழுத்தின் சுவடு இருந்தால் சுரண்டுமுன் தாளில் பதித்துக்கொள்ளுங்கள். போன எழுத்து திரும்ப வராது. 800 நம்பர் மணல்தாளைத் தண்ணீரில் நனைத்து மிக மெதுவாகத் தேய்த்தால் மேல்பூச்சு நீங்கி எழுத்தின் நிழல் தெரியும். தங்கத் தாள் ஒட்டும் பசை எப்போது பதம் என்பதை விரல் கணுவால் தொட்டுப் பார்க்க வேண்டும்: ஒட்டக்கூடாது, ஆனால் எடுக்கும்போது 'கீச்' என்று ஒரு சிறு சத்தம் வர வேண்டும். ஈரக்காற்றில் அந்தப் பதம் மணிக்கணக்கில் தள்ளிப்போகும். அவசரப்பட்டு ஒட்டினால் தங்கம் பசையில் மூழ்கி மங்கிவிடும்.

உடற்கூட்டின் மரச்சட்டம் உக்கியிருந்தால் தேக்குப் போடலாம். ஆனால் தேக்கில் எண்ணெய் இருப்பதால் ஒட்டுமுன் அசிற்றோனால் துடைக்க வேண்டும். அலுமினியத் தகட்டை இரும்புத் திருகால் நேரடியாக அறைய வேண்டாம். ஈரத்தில் இரண்டும் சண்டை போட்டு அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். இடையில் ஒரு பட்டியோ பசையோ கட்டாயம்.

மாலை மூன்றரைக்கு மூடுபனி இறங்கியது. புசல்லாவைப் பெரியவர் பேரனோடு வந்து, தண்ணீர் ஏரிக்கு மேலே வளைந்து விழுவதைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆறாம் நாள்: வெலிமடை வழியாகப் பண்டாரவளை

ஏறும்போது என்ஜினைக் காப்பாற்ற வேண்டும், இறங்கும்போது நம்மை. சுமார் 50 கிலோமீற்றர், 1868இலிருந்து 1225 மீற்றருக்கு இறக்கம்.

புறப்படுமுன் கலவைத் திருகைக் கால் சுற்றுத் திருப்பி வைத்தோம். தாங்கி காலி. பிரேக் பெடலை என்ஜின் ஓடும்போதும் நிற்கும்போதும் மிதித்துப் பார்த்தோம். வெற்றிட சேர்வோவும் வெளிக்காற்றின் தயவில் வேலை செய்வது. இந்த உயரத்தில் அதன் உதவி நாலில் ஒரு பங்கு குறையும், கால் அதிகமாக அழுத்த வேண்டும். என்ஜின் நின்றுவிட்டால் சேமிப்பிலிருக்கும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிப்புக்குத்தான். ஆகவே இறக்கத்தில் நியூட்ரலில் உருளவிடுவது, சாவியை மூடுவது இரண்டும் கிடையாது.

சீதாஎலியவில் கோயிலைக் கும்பிட்டு, ஹக்கலையிலிருந்து இரண்டாம் கியர். எந்தக் கியரில் அந்த மேட்டை ஏறுவீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வராமல், வேகம் கூடும்போது ஒரு தரம் நன்றாக அழுத்திக் குறைத்து விட்டுவிடுங்கள். இடையில் டிரம் ஆறும். எட்டுக் கிலோமீற்றருக்கு ஒரு தரம் நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு டிரம்மையும் அளந்தோம். மூன்று 110 பாகைக்குள் இருக்க, பின் இடது மட்டும் 170. ஒரு டிரம் மட்டும் தனியாகச் சூடேறினால் அந்தச் சக்கரத்தின் சிலிண்டர் பிஸ்டன் இறுகியிருக்கும், அல்லது ஷூ அளவுக்கு மேல் நெருக்கி வைத்திருப்பார்கள். இங்கே இரண்டாவது. அட்ஜஸ்டரை இரண்டு சொடுக்குத் தளர்த்தியதும் அடுத்த நிறுத்தத்தில் 115க்கு வந்தது.

சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தீயணைப்பு வண்டிக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அந்த ஆசை வரும். வார்ப்பிரும்பு அதிர்ந்து வெடிக்கும். கட்டை வைத்து, காற்றிலேயே ஆறவிடுங்கள்.

வெலிமடையில் உருளைக்கிழங்கு லொறிகளின் நெரிசல், வேறொன்றும் இல்லை.

பண்டாரவளையில் காற்று காய்ந்திருந்தது. வந்ததும் முதல் வேலை குழாய்கள். 23 மீற்றர்க் குழாயை நடுவில் மடித்துத் தொங்கவிட்டால் பதினொன்றரை மீற்றர் உயரம் வேண்டும். யூக்கலிப்டஸ் மரத்தில் கப்பி கட்டி ஏற்றினோம். மடிப்புக்குள் ஒரு வட்டத் தடி வைத்தால் நூல் முறியாது. சணல் குழாய் இரண்டுநாள், புதுக் குழாய் ஓரிரவு. பம்பின் எல்லா வாய்களும் திறந்திருக்கின்றன. தாங்கியின் மூடியும் திறந்தே இருக்கிறது, பூனை விழாமல் ஒரு கம்பிவலை மட்டும் போட்டு.